போய்விட்டு வருகிறேன்

‘போகிறேன்’ என்ற சொல்லை எங்கள் வீட்டு வாசற்படியில் நின்று யாரும் சொல்லக் கூடாது. கடைக்கு உப்பு வாங்கப் புறப்படுகிறவனும் ‘போய்விட்டு வருகிறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். தப்பித் தவறி ‘போகிறேன்’ என்று வாயில் வந்துவிட்டால், திரும்பி உள்ளே வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இது எங்கள் வீட்டில் மாத்திரம் உள்ள சட்டம் அல்ல; உங்கள் வீட்டிலும் இருக்கும்.

இந்தச் சொல்லைப் பற்றி நாற்பது வயது தாண்டும் வரையில் நான் உட்கார்ந்து யோசித்ததில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் சொல்லைப் பற்றி யோசிக்கவில்லை என்றால் சிரிப்பீர்கள். ஆனால் தினமும் புழங்குகிற பாத்திரத்தில் யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று எவர் திருப்பிப் பார்க்கிறார்கள்? என்னைத் திருப்பிப் பார்க்க வைத்தவன் என் அக்காள் மகன்.

அக்காளின் வீடு ஒரகடம் நாற்சந்தியிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், சில மைல் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறது. நாங்கள் பிறந்ததும் அந்த ஊர்தான். அக்காளை உள்ளூரிலேயே அத்தை மகனுக்குக் கொடுத்தார்கள். நான் பள்ளிக்கூடம் போன நாளில் இரவு எட்டு மணிக்கு மேல் அந்தச் சாலையில் நடமாட்டம் இராது. ஏரிக்கரைத் தவளைச் சத்தத்தை வைத்துத்தான் ஊர் இருக்கிற இடமே தெரியும். இப்போது நள்ளிரவிலும் தெருவிளக்கு வெளிச்சத்தில் பேப்பர் படிக்கலாம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாக்காரர்கள் கார் செய்து வெளியே விட்டார்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2014-ல் மூடிக்கொண்டு போயிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான். 2012 ஏப்ரலில் ஜெர்மனியின் டைம்லர் கம்பெனி அதே ஒரகடத்தில் லாரித் தொழிற்சாலையைத் திறந்து, பாரத்பென்ஸ் என்று பெயர் வைத்து வண்டிகளை அனுப்பத் தொடங்கியது. அக்காள் வீட்டு நிலமும் தொழிற்பேட்டைக்குப் போயிற்று. நிலம் பணமாயிற்று, பணம் மாடி வீடாயிற்று, ஏர் பிடித்த அக்காள் கணவர் கம்பெனி பஸ் டிரைவரானார்.

கம்பெனி பஸ் என்பது எங்கள் பிரதேசத்தில் ஒரு தனி ஜாதி வாகனம். விடியற்காலையில் காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர், செங்கல்பட்டு என்று நாலு திசையிலும் போய், தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வரும். ஷிப்டு முடிந்ததும் தூக்கம் வழிகிற அதே பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுபோய் இறக்கும். அந்த நாற்சந்தியில் நின்று பார்த்தால், உலகமே காலையில் போய் இரவில் திரும்புவதற்கென்று படைக்கப்பட்டதோ என்று தோன்றும். திரும்ப முடியாத தூரத்திலிருந்து வந்தவர்கள் விடுதிகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பையன் கெட்டிக்காரன். சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்தான். அந்தக் கல்விச்சாலையே 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியதுதான். அந்தப் பழைய உறவு இன்னும் விட்டுப் போகவில்லை. அங்கே உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இங்கிருந்து மாணவர்கள் ஒரு பருவம் படிக்கப் போகிறார்கள், அங்கிருந்தும் வருகிறார்கள். ‘மாணவர் பரிமாற்றம்’ என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் அக்காளுக்குப் பகீர் என்றது.

“பரிமாற்றம்னா என்னடா? பழைய பாத்திரத்தைப் போட்டுட்டுப் புதுப் பாத்திரம் வாங்கற மாதிரியா? நம்ம பிள்ளையைக் கொடுத்துட்டு அவங்க பிள்ளையை வாங்கிக்கணுமா?”

“ஆறு மாசம்தான் அக்கா. பாத்திரம் திரும்பி வந்துடும்” என்றேன்.

“அடி நசுங்காம வரணுமே!” என்றாள்.

2023 செப்டம்பர் கடைசியில் பையன் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினான். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, “போயிட்டு வரேம்மா” என்று சரியாகத்தான் சொன்னான். அக்காள் அழவில்லை. ஊர் வந்து சேரும் வரையில் பேசவும் இல்லை.

அவன் போய்ச் சேர்ந்த ஊர் ஆகன். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், பெல்ஜியமும் ஹாலந்தும் வந்து முட்டுகிற மூலையில் இருக்கிறது. சார்லமேன் சக்கரவர்த்தி அரசிருந்த ஊர். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர் போனது. பையனுக்குச் சார்லமேனும் முக்கியமில்லை, வெந்நீர் ஊற்றும் முக்கியமில்லை. பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய கட்டணத்திலேயே சாதாரண ரயில்களில் போய்வரும் சீட்டும் அடக்கம் என்று தெரிந்ததுதான் முக்கியம். காசு கட்டிய சீட்டைச் சும்மா வைத்திருப்பதா? பஸ் டிரைவர் பிள்ளை அல்லவா? ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் ரயிலேறி, எழுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள கொலோன் நகரத்துக்குப் போவான்; ராத்திரி திரும்புவான். ஒரு மணி நேரப் பிரயாணம்.

அக்காள் ஒரு விதி போட்டாள். அறையை விட்டுக் கிளம்பும்போது ஒரு போன். திரும்பியதும் ஒரு போன். முதலாவது சுலபம், அவன் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் நமக்குப் பகல் பதினொன்றரை. இரண்டாவதுதான் கஷ்டம். அவன் இரவு பத்தரைக்கு அறை திரும்பினால் இங்கே இரண்டு மணி. அக்காள் கூடத்தில் பாய் போட்டு, போனை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். அவள் தூங்கிவிட்டதாக நினைத்து விளக்கை அணைத்தால், இருட்டிலிருந்து “இருக்கட்டும்” என்று குரல் வரும். அந்த மாதங்களில் ஒரு நாவலை முடிப்பதற்காக நான் அக்காள் வீட்டு மாடியில் தங்கியிருந்தேன். நாவல் முடியவில்லை, போனுக்குக் காத்திருப்பதில் நானும் ஒருவனாகிவிட்டேன்.

நவம்பர் முதல் சனிக்கிழமை போன் வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. அக்காளின் முகத்தில் ரத்தம் இல்லை. பையன் சிரித்தான். “நான் எப்பவும்போல வந்துட்டேம்மா. இங்கே போன வாரம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால வெச்சுட்டாங்க. குளிர்காலத்துல அப்படித்தான்.”

அக்காளால் இதை ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. “ஊரே கூடிக் கடிகாரத்தைத் திருப்பி வைக்குதாம்! காத்துக்கிட்டு இருக்கறவளை யாரு கேட்டாங்க?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் நிதானமாகப் பேசுவான். எனக்கென்று விவரங்களைச் சேர்த்து வைத்திருப்பான். கொலோனில் ரயிலை விட்டு இறங்கி நிலையத்துக்கு வெளியே கால் வைத்தால், எதிரிலேயே மாதா கோயில் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்குமாம். இரட்டைக் கோபுரம், உயரம் 157 மீட்டர். 1248-ல் கடைகால் போட்டுக் கட்டி முடித்தது 1880-ல். நடுவே சில நூறு ஆண்டுகள் பணமும் இல்லை, மனமும் இல்லை. பாதிக் கோபுரத்தின் உச்சியில் கல் தூக்கும் மர யந்திரம் ஒன்று அப்படியே நின்றதாம். பிறந்தவர்கள் எல்லாரும் அந்த யந்திரத்தைப் பார்த்தே வளர்ந்து, அதைப் பார்த்தே செத்திருக்கிறார்கள்.

“முதல் கல்லை வெச்சவன் பேரன்கூடக் கோபுரத்தைப் பார்த்திருக்க மாட்டான் மாமா” என்றான் பையன். தெற்குக் கோபுரத்தில் 533 படி ஏறியிருக்கிறான். இறங்கிய பிறகு இரண்டு நாள் கால் வலி.

யுத்தத்தில் அந்த நகரம் பட்ட பாட்டையும் சொன்னான். 1942 மே மாதக் கடைசியில் ஒரே இரவில் ஆயிரம் விமானங்கள் வந்து குண்டு போட்டன. யுத்தம் முடிந்தபோது நகரத்தின் நடுப்பகுதியில் பெரும்பாலும் கல்லும் மண்ணும்தான் மிச்சம். கோயில் மட்டும் பல குண்டுகள் விழுந்தும் நின்றது. பக்கத்து ரயில் பாலம் ரைன் ஆற்றில் விழுந்து கிடந்தது. அதைத் திரும்பக் கட்டினார்கள். இப்போது அந்தப் பாலத்தின் கம்பி வேலி முழுவதும் பூட்டுகள். காதலர்கள் பெயரெழுதிப் பூட்டி, சாவியை ஆற்றில் எறிந்துவிடுகிறார்களாம். “நம்ம ஊர்ல வேப்பமரத்துல தொட்டில் கட்டறாங்களே, அது மாதிரியா?” என்று கேட்டாள் அக்காள். பையன் யோசித்து, “அதுக்கு முந்தின கட்டம்மா” என்றான். அன்றைக்குத்தான் அக்காள் வாய்விட்டுச் சிரித்தாள்.

கொலோன் பல்கலைக்கழகத்தில் 1960-களிலிருந்து தமிழ் கற்பித்து வந்திருக்கிறார்கள். பல்லாயிரம் தமிழ்ப் புத்தகங்கள் கொண்ட நூலகம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வா என்று பையனிடம் சொன்னேன். போனான். சனிக்கிழமையாதலால் கதவு பூட்டியிருந்தது. கதவைப் படம் பிடித்து அனுப்பினான். உள்ளே என் நாவல் ஏதாவது இருக்குமோ என்ற சபலம் எனக்கு இருந்தது. பூட்டிய கதவு என் மானத்தைக் காப்பாற்றியது.

எங்கள் அம்மாவுக்குக் கோயிலும் பாலமும் நூலகமும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதுமே, “கொலோனா? ஓடிகொலோன் ஊரா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. சின்ன வயதில் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஈரத் துணியில் ஓடிகொலோனை நாலு சொட்டு விட்டு நெற்றியில் போடுவாள் அம்மா. அந்தப் பச்சை வாசனையும் குளிர்ச்சியும் இன்னும் என் மூக்கில் இருக்கின்றன. கொலோன் ஊர்த் தண்ணீர் என்பதுதான் பிரெஞ்சு பாஷையில் அந்தப் பெயர். ஒரு நூற்றாண்டாக நம் வீட்டு அலமாரிகளில் அந்த நகரம் சீசாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. அதை உண்டாக்கிய பரீனா என்பவர் இத்தாலியிலிருந்து வந்து கொலோனில் குடியேறியவர். 1709-ல் தொடங்கிய அந்தக் குடும்பத்து வாசனைக் கடை இன்றும் இருக்கிறது. மனுஷர் தம் சரக்குக்குப் பிறந்த ஊரின் பெயரை வைக்கவில்லை, வந்த ஊரின் பெயரை வைத்தார் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

“ஆயாவுக்கு ஒரு சீசா வாங்கிட்டு வரேன்” என்றான் பையன்.

இனி அந்தத் தீபாவளிக்கு வருகிறேன்.

2023-ல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை; அதாவது பதினோராம் மாதம் பதினோராம் தேதி. கொலோன்காரர்களுக்கு அது விசேஷ நாள். காலை பதினொன்று அடித்துப் பதினோரு நிமிஷத்துக்கு அவர்களுடைய களியாட்டப் பருவம் தொடங்குகிறது. கிழவர்களும் குழந்தைகளும் வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் ஆடுவார்களாம். பல ஊர் ஜனங்கள் வந்து குவிவார்களாம். பையன் பார்க்கப் போனான். அவனுடைய ராத்திரி ஒன்பது மணிக்கு, ‘ஸ்டேஷன்ல இருக்கேன், ஒரே கூட்டம்’ என்று செய்தி அனுப்பினான். நமக்கு அப்போது ஒன்றரை.

மூன்றரைக்கு போன் வரவில்லை. அக்காள் அடுப்பு மூட்டி அண்டாவில் வெந்நீர் வைத்தாள். நாலு மணிக்கும் வரவில்லை. அக்காள் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்த எண்ணை இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் ஜெர்மன் பாஷையில் சொல்லிற்று. பாஷை தெரியாவிட்டாலும் இப்படிப்பட்ட சேதி புரிந்துவிடுகிறது. தெருவில் முதல் வெடி வெடித்தது. பக்கத்து வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி கட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டில் நல்லெண்ணெய்க் கிண்ணம் மணையின் பக்கத்தில் அப்படியே இருந்தது. நோன்புக்குப் பிசைந்து வைத்த அதிரச மாவை யாரும் தொடவில்லை. அம்மா சுவாமி படத்தின் முன் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

அக்காள் கணவரைக் காணவில்லை. தேடிக்கொண்டு வெளியே போனேன். ஊர்க் கோடியில் சாலையோரத்து பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் டார்ச் லைட். தீபாவளிக்குக் கம்பெனி விடுமுறை. சாலை காலியாகக் கிடந்தது. ஜெர்மனியிலிருந்து எந்த பஸ்ஸும் அங்கே வந்து நிற்கப் போவதில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருபது வருஷமாகப் பிறர் வீட்டுப் பிள்ளைகளை நிறுத்தம் பார்த்து இறக்கிவிட்ட மனுஷர், தம் பிள்ளைக்காகக் காத்திருக்க வேறு இடம் தெரியாமல் அங்கே நின்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரணம், அதே இடத்தில், அதே மாதிரி ஒரு டார்ச் லைட்டோடு நின்ற இன்னொருவரை எனக்குத் தெரியும்.

1998-ல் எனக்குப் பதினெட்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேர்ந்து, படிப்பில் மனமில்லாமல் கதைப் பித்துப் பிடித்துத் திரிந்த காலம். சனிக்கிழமையானால் பட்டணம் போவேன். ஒரகடத்தில் பஸ் ஏறி, படப்பை வழியாகத் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் எழும்பூர். அப்புறம் கன்னிமரா நூலகம். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். கடைசி பஸ்ஸில் ஊர் திரும்புவேன். அப்பா நிறுத்தத்தில் நிற்பார். “இருட்டுல பூச்சி பொட்டு இருக்கும்” என்று முணுமுணுத்துவிட்டு முன்னால் வெளிச்சம் காட்டிக்கொண்டு நடப்பார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் எதற்காகப் போகிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை நான் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவில்லை. சிநேகிதன் ஒருவனோடு இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு, அவன் அறையில் தூங்கி, விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். அப்பா நின்றுகொண்டிருந்தார். டார்ச் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. பாட்டரி தீர்ந்து, பொடி வைத்த பீடி நெருப்பு மாதிரி ஒரு சிவப்பு.

“மழைப்பா. தாம்பரத்துல ஒரே மழை. பஸ்ஸு வரலை” என்றேன்.

“தாம்பரத்துல மழையா?” என்றார்.

“ஆமாம்.”

“சரி, வா.”

ஒரகடத்தில் அந்த ராத்திரி ஒரு தூறல்கூட இல்லை. தலைக்குமேல் நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு விடிய விடிய நின்றவரிடம்தான் நான் மழைக்கதை சொன்னேன். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் உயிரோடிருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எத்தனையோ கற்பனைகளை எழுதிக் காசு வாங்கியிருக்கிறேன். என் முதல் கற்பனையை நம்பாமலே ஏற்றுக்கொண்டவர் அவர்.

ஆறரை மணிக்கு அக்காள் தெருவில் ஓடிவந்தாள். தலை அவிழ்ந்திருந்தது. “பேசிட்டான்! பேசிட்டான்!” என்று கத்தினாள். கூட்டத்தில் இரண்டு ரயிலில் ஏற முடியவில்லையாம்; மூன்றாவது ரயில் வழியில் வெகுநேரம் நின்றுவிட்டதாம்; போனில் மின்சாரம் தீர்ந்துவிட்டதாம். அக்காள் கணவர் டார்ச்சை அணைத்தார். “எண்ணெய் வை” என்று மட்டும் சொன்னார். ஊரெல்லாம் சாப்பிட்டு முடித்த நேரத்தில் எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல் நடந்தது.

மத்தியானம் அதிரசத்தைத் தட்டிப் போட்டுக்கொண்டே அக்காள் மெல்லச் சொன்னாள்:

“டேய், கவனிச்சியா? முன்னெல்லாம் ‘ரூமுக்குப் போயிட்டேம்மா’ம்பான். இன்னிக்கு ‘வீட்டுக்கு வந்துட்டேம்மா’ன்னான்.”

நான் பதில் சொல்லவில்லை. நாற்பது வருஷத்தில் நான் திருப்பிப் பார்க்காத பாத்திரத்தை அவள் திருப்பிக் காட்டிவிட்டாள். தமிழில் ‘வந்தேன்’ என்பது கேட்கிறவர் இருக்கும் இடத்துக்கு. இல்லாவிட்டால் சொல்கிறவனுடைய சொந்த இடத்துக்கு. ஆகனில் நின்றுகொண்டு ஒரகடத்தில் இருக்கும் தாயாரிடம் ‘வந்துட்டேன்’ என்று சொன்னால், அவன் இடம் எது? அறை வீடாகிவிட்டது, போனது வந்ததாகிவிட்டது. பையனுக்குத் தெரியாது. வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. அதனால்தான் அக்காளுக்கு வலித்தது.

எனக்கு வேறொரு ஜெர்மானியர் ஞாபகம் வந்தார். சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு இருபத்து நாலு வயது. மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பார்கள். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்கள். நடுவே 1714-ல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். தம் தேசத்துக்கு ‘வந்தார்’ என்றுதானே சொல்ல வேண்டும்? ஆனால் நாம் ‘போனார்’ என்கிறோம். 1716-ல் தரங்கம்பாடிக்குத் ‘திரும்பி வந்தார்’ என்கிறோம். 1719-ல் முப்பத்தாறு வயதில் அங்கேயே மண்ணானார். அவரைப் பெற்ற ஊர்க்காரர்கள் எப்படிச் சொல்லிக்கொண்டார்களோ?

இதை அக்காளிடம் சொல்லவில்லை. சரித்திரம் தாயாருக்கு ஆறுதல் தருவதில்லை.

ஆறுதல் வேறு இடத்திலிருந்து வந்தது. அன்று மாலை அவள் மறுபடி அதே பேச்சை எடுத்தபோது, அக்காள் கணவர் ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “நம்ம ரோட்டுல விடுதி விடுதியா இருக்குதே, ஒடிசா, பீகார், நம்ம தெற்கத்திப் பொண்ணுங்க... அத்தனை பேரும் எங்கேயோ ஒரு அம்மாகிட்ட ‘போயிட்டு வரேன்’னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கான். தீபாவளிக்கு எத்தனை பேரு போனான்? என் வண்டியில ஏறறப்ப ‘ரூமுக்குப் போகணும்’னு ஒருத்தனும் சொல்றதில்லே. ‘வீட்டுக்குப் போகணும் அண்ணா’ங்கறான். எட்டுப் பேர் படுக்கற ரூமு அது.”

அவர் தொடர்ந்து இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அக்காள் வாயடைத்துப் போனாள். அம்மா மூலையிலிருந்து முடித்து வைத்தாள்: “உடையவர் பொறந்தது ஸ்ரீபெரும்புதூரு. இருந்தது ஸ்ரீரங்கம். திருமேனியைத்தான் இங்கே அனுப்பி வெச்சார். அவரே அப்படின்னா நம்ம பையன் எம்மாத்திரம்? சும்மா இரு.” ராமாநுஜரைப் பற்றிப் பண்டிதர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள உடையவர் திருமேனியை ‘தான் உகந்த திருமேனி’ என்பார்கள். அவரே உகந்து தழுவி அனுப்பியதாக ஐதிகம். ஒரு தாயாரின் பிடிவாதத்தைத் தளர்த்த அதை உபயோகித்தவள் என் அம்மா ஒருத்திதான்.

2024 மார்ச்சில் பையன் திரும்பினான். பாத்திரம் அடி நசுங்கவில்லை, கொஞ்சம் மெருகேறியிருந்தது. ஆயாவுக்கு ஓடிகொலோன் சீசா வந்தது. அம்மா அதைத் திறந்து முகர்ந்து, “பழைய வாசனை இல்லே” என்றாள். ஆனாலும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஜெர்மானியரும் பிரியும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை, ‘மறுபடி பார்க்கும் வரையில்’ என்று பொருள்படும் ‘அவுஃப் வீடர்ஸேன்’ என்றுதான் சொல்கிறார்கள் என்று பையன் சொன்னான். அக்காளுக்கு அந்த ஜனங்களின்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது.

சென்ற 2025 செப்டம்பரில் மேல்படிப்புக்காக மறுபடி ஆகன் போனான். இந்தத் தடவை இரண்டு வருஷம். அதற்கப்புறம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. புறப்படுவதற்கு முன்தினம் அவனை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய், 1998-ல் நான் சொன்ன மழைக்கதையைச் சொன்னேன். உலகத்தில் முதன்முதலாக அவனிடம்தான் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் நடந்தான். பிறகு, “அன்னிக்குக் கொலோன்ல நான் ரெண்டு ரயிலை விடலை மாமா. ஒண்ணுதான். இன்னொண்ணு, ஆட்டம் பார்த்துக்கிட்டு நானே விட்டேன்” என்றான்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்தாலும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த இரண்டாவது ரயிலின் கதையை அவன் அப்பாவும் நம்பியிருக்க மாட்டார். “சரி, வா” என்று சொல்கிற வம்சம் எங்களுடையது.

சனிக்கிழமை வழக்கம் இப்போதும் நடக்கிறது. போன வாரம் நான் அங்கே இருந்தேன். கூடத்தில் விளக்கில்லை. மூன்று மணிக்கு போன் அடித்தது.

“வீட்டுக்கு வந்துட்டேம்மா.”

இருட்டில் அக்காள் ஒரு கணம் பேசாமலிருந்தாள். பிறகு சொன்னாள்:

“சரிப்பா. கதவைத் தாழ் போட்டுக்கிட்டுப் படு.”